உள் முகவரிப் பட்டியலில் ஒரு வீடு

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார் ராமமூர்த்தி சார். கடிதத்தில் எழுதியிருந்ததைக்கூட சுபாஷிணி எப்படியோ விழுங்கியிருப்பாள். அந்தக் குறியைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கே கையெழுத்துப் போடுவது என்றுகூடத் தெரியாதவளா அவள்?

மேலே ஹிந்தி, கீழே இங்கிலீஷ். இரண்டிலும் ஒரே சங்கதிதான். ஒப்பந்த நெட்வொர்க் இன்ஜினியரான எனது கவனக்குறைவால் அலுவலக ஃபயர்வாலின் உள் முகவரிப் பட்டியலில் தவறான முகவரிகள் சேர்ந்துவிட்டன. இதற்கு நானே முழுப் பொறுப்பு. மேலதிகாரிகள் எவருக்கும் இதில் தொடர்பில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இன்னொரு தடவை படித்தாள். எவருக்கும் தொடர்பில்லையாம்!

"படிச்சாச்சா? ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார் அவர். அறை வாசலில் ஃபைலோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். பேசுவது தமிழ் என்பதால் அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "நாளைக்கு சேத்தி மேடம் கமிட்டி வச்சிருக்கா. நீ இதைக் கொடுத்துட்டேன்னா ஹியூமன் எரர்னு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆகும் சார்."

"ஒனக்கு என்ன ஆகப் போறது? நான் இல்லையா?"

நான் இல்லையாவாம். வருகிற மார்ச்சில் ரிட்டையர் ஆகப் போகிற மனுஷர் சொல்கிறார். அவளை இங்கே அனுப்பியிருப்பது ஒரு ஏஜென்சி. இந்தக் காகிதம் அங்கே போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே பெயரை அடித்துவிடுவார்கள். ஏஜென்சி அடித்த பெயரை டெல்லியில் வேறு எந்த சர்க்கார் ஆபீஸும் தொடாது. வேலை போவது ஒன்று. ‘கவனக்குறைவு’ என்று கழுத்தில் பலகை கட்டிக்கொண்டு திரிவது இன்னொன்று. இரண்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும், அவருக்கும் நன்றாகத் தெரியும்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று காகிதத்தை மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினாள்.

லோதி ரோடில் இருக்கிற அந்த ஆபீஸ், ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிற ஆபீஸ். விண்ணப்பம், தேர்வு, நேர்காணல் எல்லாம் மெயிலில்தான் நடக்கும். அந்த மெயிலைக் காப்பது ஃபயர்வால். அதன் வேலையைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். அடுக்குமாடிக் கட்டடத்து வாசலில் ஒரு காவலாளி உட்கார்ந்திருப்பான் இல்லையா, அவன் கையில் யார் யார் குடியிருப்பவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இருப்பவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகலாம். இல்லாதவனை ஆயிரம் கேள்வி கேட்பான். ஃபயர்வாலிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. அதுதான் உள் முகவரிப் பட்டியல். அதில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் நம் வீட்டு ஆட்கள். பாஸ்வேர்டு போட்டால் மெயில் திறக்கும், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், ஆபீஸின் சொந்த மீட்டிங் சாஃப்ட்வேரில் உட்காரலாம். பட்டியலில் இல்லாதவர்கள் வெளியாட்கள். அவர்கள் மெயில் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் மொபைலுக்கு வருகிற எண்ணைத் தட்ட வேண்டும். மீட்டிங் என்றால் அதுவும் கிடையாது, வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

டெபுடி டைரக்டர் ராமமூர்த்திக்கு அந்த எண்ணைத் தட்டுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் காலை காபியோடு மெயில் பார்க்க உட்காருவார். எண் வரும், கண்ணாடியைத் தேடுவார், அதற்குள் நேரம் முடிந்து வேறு எண் வரும். ஒருநாள் காரிடாரில் சுபாஷிணியை நிறுத்தினார்.

"ஏம்மா, என் ஆத்தையும் உள்ளே சேத்துடேன். ஆபீஸ் மாதிரியே மெயில் ஓப்பன் ஆகட்டும்."

"வெளி அட்ரஸை உள் பட்டியல்ல போடக் கூடாது சார். ரூல் அது."

"ரூல் எனக்குத் தெரியாதா? ஒரு சின்ன ஹெல்ப்தானே. பேரெல்லாம் போட்டுடாதே, சும்மா நம்பரை மட்டும் சேத்து வை."

இந்த ஆபீஸில் ஒரு பேனா வாங்கினாலும் ஃபைல் ஓடும். கீழே ஒருத்தர் எழுதி, மேலே ஒருத்தர் எழுதி, பச்சை இங்கில் கையெழுத்தாகி வரும். ஆனால் ராமமூர்த்தி சார் தனக்கு வேண்டியதை மட்டும் ஃபைலில் கேட்க மாட்டார். காரிடாரில், லிஃப்டில், கேன்டீன் வரிசையில், நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு தமிழில் கேட்பார். சுற்றி நிற்கிற சர்மாவுக்கும் குப்தாவுக்கும் இரண்டு மதராஸிகள் குசலம் விசாரிப்பதாகத்தான் தோன்றும். அவள் ஹிந்தியில் பதில் சொன்னால், "என்னம்மா, நம்ம பாஷையை மறந்துட்டியா?" என்று சிரிப்பார். இந்த வேலை காலியாக இருக்கிறது என்று முதலில் அவளிடம் சொன்னதும் அவர்தான். ஆபீஸில் ‘சார்’, கல்யாண வீட்டில் ‘அங்கிள்’. அங்கிள் கேட்டால் எப்படி முடியாது என்பது?

போட்டாள். அவள் கைதான் போட்டது. அதை நினைத்துத்தான் அவளுக்கு இப்போது தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

போட்டதோடு விட்டாரா? வீட்டு ப்ராட்பேண்டின் முகவரி ஒரு இடத்தில் நிற்காது, மாறிக்கொண்டே இருக்கும். மாறின அன்று காலையிலேயே போன் வந்துவிடும். "மறுபடி கேக்கறதும்மா, நம்பர் கேக்கறது!" அவளும் மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசியில் ஒருநாள் கத்திவிட்டார். "ஒருவாட்டி ஒழுங்காப் பண்ணத் தெரியாதா ஒனக்கு? மொத்தமாப் போட்டுத் தொலையேன்!"

மொத்தமாகப் போட்டாள். அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கம்பெனி பங்கு போட்டுக் கொடுக்கிற முகவரி வரிசை முழுவதும் உள்ளே வந்தது. "சார், இதுல உங்க வீடு மட்டும் இல்ல. அக்கம்பக்கம் அத்தனை பேரும் ஆபீஸுக்குள்ள வந்தாச்சு. இது டேஞ்சர்" என்று லிஃப்டில் வைத்துச் சொன்னாள். "எல்லாம் நம்ம சர்க்கார் மனுஷாதானேம்மா அங்கே" என்றார் அவர். அப்போது லிஃப்ட் திறந்தது, இறங்கிப் போய்விட்டார்.

சர்க்கார் மனுஷர்கள்தான். அதில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலோ வைரஸ் புகுந்திருந்தது. பட்டியலில் இருக்கிறவனுக்கு மெயில் அனுப்பத் தடையில்லையே! லாட்டரி, கடன், கண்ட கண்ட மாத்திரை என்று குப்பை மெயிலாக ஆபீஸின் பெயரில் உலகம் பூராவும் போயிற்று. உலகம் சும்மா இருக்குமா? இந்த ஆபீஸிலிருந்து எது வந்தாலும் வாங்காதே என்று மற்ற மெயில்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். நேர்காணலுக்கு அழைத்த மெயில்கள் அத்தனையும் அந்த வாரம்தான் போயிருந்தன. ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

உதவி எண் என்று வெப்சைட்டில் போட்டிருந்தது சுபாஷிணியின் மேஜை போன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். இங்கிலீஷில் ஆரம்பித்து, இவள் பெயரைக் கேட்டதும் தமிழுக்குத் தாவினாள். "மேடம், எல்லாரையும் கூப்பிட்டாச்சுன்னு லிஸ்ட்ல போட்டிருக்கு. எனக்கு மெயிலே வரல மேடம். நான் தினமும் பாத்துட்டேதான் இருந்தேன். ஸ்பேம்லகூட பாத்தேன்." அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு பெரிய மனுஷருக்கு மூக்குக்கண்ணாடி தேட அலுப்பாக இருந்தது, அதனால் உனக்கு மெயில் வரவில்லை என்றா? "பாத்துட்டு சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டு, சுபாஷிணி பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழவில்லை. கோபத்தில் முகம் எரிந்தது.

அந்த வரிசையிலிருந்து மெயில் அனுப்ப முடியாதபடி அவள் உடனே அடைத்துவிட்டாள். பட்டியலிலிருந்து அந்த வரியையே தூக்கி எறியப் போனபோதுதான் மேலிருந்து உத்தரவு வந்தது. விசாரணை முடிகிற வரை பட்டியலில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆகவே வரி அப்படியே கிடந்தது.

அன்று சாயங்காலம் புசா ரோடு பக்கத்துச் சந்தில் இருந்த தன் வீட்டுக்கு அவள் வந்து சேர்வதற்குள், வத்சலா ஆன்ட்டியின் போன் வந்துவிட்டது. ராமமூர்த்தி சாரின் மனைவி.

"சுபா, சாப்ட்டியா? கொழந்தைக்கு இருமல் எப்படி இருக்கு? இந்தப் புகையில வெளியிலயே விடாதே." இரண்டு நிமிஷம் இருமல், ஆவி பிடிப்பது, மாஸ்க். பிறகுதான் விஷயம். "இவர் சரியாவே சாப்பிடறதில்லடி. ரிட்டையர் ஆற நேரத்துல பேர் கெட்டுடுமோன்னு. பென்ஷன் பேப்பர்லாம் இருக்கு பாரு. நீ சின்னவ, ஒனக்கு இங்க இல்லேன்னா இன்னொரு எடம். ஒரு கையெழுத்துதானே?"

"ஆன்ட்டி, அந்தக் கையெழுத்தைப் போட்டா எனக்கு இன்னொரு எடமே இருக்காது."

"அப்படியெல்லாம் சொல்லாதே. நம்ம மனுஷாளே நம்மளை விட்டுக் கொடுத்தா எப்படி?"

சுபாஷிணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "அங்கிளும் அதேதான் செய்யறாரு ஆன்ட்டி. வச்சிடறேன்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான் அவள் கணவன் ஹரிஷங்கர். அவன் ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியார்; எதையும் நிதானமாகப் போட்டுப் பார்க்கிறவன். "அவர் சொல்லித்தான் போட்டேன்னு நேரா சொல்லிடேன்."

"எதை வச்சு? எல்லாம் வாயாலதானே கேட்டாரு! ஒரு மெயில் உண்டா, ஒரு நோட் உண்டா? நான் சொல்றேன், அவர் இல்லங்கறாரு. டெபுடி டைரக்டர் பேச்சை நம்புவாங்களா, கான்ட்ராக்ட் பொம்பளை பேச்சை நம்புவாங்களா?"

"அந்த நம்பர் அவர் ஏரியாதுன்னு காட்டலாமே."

"அந்த ஏரியால ஆயிரம் வீடு இருக்கு. நானா தப்பாத் தட்டிட்டேன்னு சொல்லுவாரு. கடிதத்துல அதத்தானே எழுதிக் கொடுத்திருக்காரு!" அவள் கத்திய கத்தலில் உள்ளே தூங்க ஆரம்பித்திருந்த குழந்தை எழுந்து இருமியது. ஹரிஷங்கர் போய்த் தூக்கிக்கொண்டான்.

மறுநாள் டெல்லி வழக்கமான நவம்பர் லட்சணத்தில் இருந்தது. எதிர்ப் பக்கத்துக் கட்டடம் தெரியவில்லை. காற்று கெட்டுவிட்டதால் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று உத்தரவு. ஆனாலும் கமிட்டியில் வேலை இருந்தவர்கள் எல்லாரும் வந்தாக வேண்டும், மீட்டிங் சாஃப்ட்வேர் வீட்டில் திறக்காது. மினிட்ஸ் எழுதுகிற நீலம், நொய்டாவிலிருந்து வந்து சேர்ந்து மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஹிந்தியில் பொரிந்து தள்ளினாள். "ரெண்டு மெட்ரோ, ஒரு ஆட்டோ. தொண்டையெல்லாம் எரியுது. வீட்டுலேர்ந்தே ஒரு பட்டனைத் தட்டி உட்கார முடியுதா பாரேன், சுபாஷிணி! உன் ஃபயர்வால் விட மாட்டேங்குதே!"

"ரூல் அது" என்றாள் சுபாஷிணி.

கமிட்டி அறையில் சேத்தி மேடம் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அமைச்சகத்திலிருந்து வந்தவர். பேச்சு கொஞ்சம், பார்வை ஜாஸ்தி. பக்கத்தில் விஜிலென்ஸிலிருந்து ஒருவர். சுவரில் பெரிய டிவி. ராமமூர்த்தி சாரின் நாற்காலி காலியாக இருந்தது.

"ராமமூர்த்தி ஜி எங்கே?" என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் டிவியில் அவர் முகம் வந்தது. கழுத்தில் மஃப்ளர், பின்னால் பித்தளைக் குத்துவிளக்கு வைத்த ஷோகேஸ்.

"ஸாரி மேடம், தொண்டை சரியில்லை. டாக்டர் வெளியே போகக் கூடாதுன்னுட்டார்" என்றார் ஹிந்தியில். அந்த ஷோகேஸ் சுபாஷிணிக்குத் தெரிந்த ஷோகேஸ். நவராத்திரிக்குப் போனபோது அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சுண்டல் சாப்பிட்டாள். வீட்டிலிருந்தே உட்கார்ந்துகொண்டாரா! இத்தனை பேரைப் புகையில் நடக்கவிட்டு, இவர் மட்டும் வீட்டிலா? என்ன நெஞ்சழுத்தம்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். அவர் எப்படி அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவளைத் தவிர அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. மேடத்துக்கு டிவியில் முகம் தெரிந்தால் சரி.

விசாரணை ஆரம்பித்தது. ராமமூர்த்தி சார்தான் முதலில் பேசினார். குரலில் வருத்தம் சொட்டியது. "மேடம், சுபாஷிணி நல்ல பெண். உழைப்பாளி. என்னவோ ஒரு கவனப்பிசகு. ஒப்பந்தத்தில் வருகிறவர்களுக்கு நம் ரூல்ஸின் கனம் தெரிவதில்லை. அவங்களே எழுதிக் கொடுக்கறதா சொல்லியிருக்காங்க."

"அந்த முகவரிகள் யாருடையவை?" என்றார் மேடம்.

"யாருக்குத் தெரியும் மேடம்! எங்கேயோ வெளியாட்கள். எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

சுபாஷிணிக்கு எழுந்து கத்திவிடலாம் போலிருந்தது. பதினொரு வருஷம் சார், சார் என்று கூப்பிட்ட வாய். அந்த வாயாலேயே அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டுவிடலாம் போலிருந்தது. கேட்டால் என்ன நடக்கும்? அழுகிற பெண், கத்துகிற பெண், தப்பைப் பண்ணிவிட்டு அடுத்தவர் மேல் போடுகிற பெண். அவர் அங்கே மஃப்ளரோடு தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

"பட்டியலைக் காட்டுங்க" என்றார் மேடம்.

லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்ட அவள் எழுந்தாள். அந்த இடைவெளியில் டிவியிலிருந்து தமிழ் வந்தது. நீட்டி முழக்காமல், சகஜமாக, காரிடாரில் கேட்கிற அதே குரலில்.

"சுபாஷிணி, அந்த நம்ம லைனை எடுத்துடும்மா. எதுக்கு வம்பு? அது கண்ணுல பட்டா நோண்டி நோண்டிக் கேப்பா. ஜல்தி எடுத்துடு, இவாளுக்கு ஒண்ணும் புரியாது."

கேபிள் கையில் இருக்க, சுபாஷிணி டிவியைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று இந்த மனுஷருக்கு நிஜமாகவே தெரியவில்லை! மெயிலுக்காகக் கேட்டார், மெயிலுக்காகப் போட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தான் இப்போது யார் தயவில் இந்த டிவியில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியாமல், மஃப்ளரைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அவளுக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் இனிக் கத்த வேண்டியதில்லை.

கேபிளை மாட்டினாள். பட்டியல் சுவரில் விழுந்தது. ஹிந்தியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மேடம், ராமமூர்த்தி சார் இப்ப தமிழ்ல ஒண்ணு சொன்னாரு. இந்தத் தப்பான வரியை எடுத்துடச் சொல்றாரு. விசாரணை முடியற வரைக்கும் தொடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. எடுக்கலாமா?"

டிவியில் அவர் கண் ஒரு கணம் விரிந்தது. அவ்வளவுதான். முப்பது வருஷ சர்க்கார் உத்தியோகம் சும்மாவா? உடனே சமாளித்துக்கொண்டார். "ஹாங் ஹாங், மேடம். தப்பான வரி எதுக்கு நிக்கணும்? ஆபீஸோட பாதுகாப்பு விஷயம். ஹடா தோ, எடுத்துடுங்க. என்ன சொல்றீங்க?"

சேத்தி மேடம் விஜிலென்ஸ்காரரைப் பார்த்தார். அவர், போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றார். நீலம் எழுந்துபோய் சுவரில் விழுந்த பட்டியலை மொபைலில் படம் பிடித்தாள்.

"எந்த வரி?" என்றார் மேடம்.

"இது." சுபாஷிணி அம்புக்குறியை அதன் மேல் வைத்தாள். மற்ற வரிகளுக்கெல்லாம் பக்கத்தில் கணக்குப் பிரிவு, மூன்றாம் மாடி, நூலகம் என்று எழுதியிருந்தது. இதற்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. "எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் மேடம். இந்தப் பட்டியல்ல இருக்கற முகவரியிலேர்ந்து மட்டும்தான் இந்த மீட்டிங் திறக்கும். அதனாலதான் நீலம் நொய்டாலேர்ந்து வந்தா. எடுக்கட்டுமா?"

அவள் சொன்னது மேடத்துக்குப் புரிந்ததோ இல்லையோ, டிவியில் இருந்தவருக்குப் பேச வேண்டும் போலிருந்தது. "எடும்மா, எடு. நான்தான் சொல்றேனே, எனக்கும் அதுக்கும் எந்தவித..."

சுபாஷிணி பட்டனைத் தட்டினாள்.

ராமமூர்த்தி சார் வாய் திறந்தபடி நின்றார். ஷோகேஸ், குத்துவிளக்கு, மஃப்ளர் எல்லாம் அப்படியே நின்றன. பிறகு டிவி கறுப்பானது.

"க்யா ஹுவா?" என்றார் விஜிலென்ஸ்காரர். "கரண்ட் போயிடுச்சா அவருக்கு?"

நீலம்தான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் கை அனிச்சையாக மாஸ்க்கைத் தொட்டது. டிவியைப் பார்த்தாள், சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்தாள், பிறகு சுபாஷிணியைப் பார்த்து, "ஹே ராம்!" என்றாள்.

"கரண்ட் போகல சார்" என்றாள் சுபாஷிணி. "அந்த வரிதான் அவர் வீடு. வீட்டை எடுத்தோம், அவர் போயிட்டாரு. நம்பிக்கை இல்லன்னா திரும்பப் போட்டுக் காட்டறேன், திரும்ப வருவாரு."

சேத்தி மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இந்த வரியை யார் போட்டது?"

"நான்தான் மேடம். என் கைதான் போட்டது. அவர் கேட்டார், தப்புன்னு சொன்னேன், திரும்பக் கேட்டார், போட்டுட்டேன். போட்டிருக்கக் கூடாது. அதையும் எழுதிக்குங்க. ஆனா அதை மட்டும் எழுதாதீங்க. அவர் சொல்லித்தான் போட்டேன்னும் எழுதுங்க."

"உனக்கும் மெமோ வரும்" என்றார் மேடம்.

"வரட்டும் மேடம். என் தப்புக்கு வரட்டும். அவர் தப்புக்கும் சேர்த்து என் தலையில கட்டாதீங்க."

அப்போது அவள் மொபைல் அடித்தது. மேஜை மேல் ‘ராமமூர்த்தி சார்’ என்று ஒளிர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். மேடம் விரலால் சைகை காட்டினார். சுபாஷிணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே? நான் பேசிண்டே இருக்கேன், கட் ஆயிடுத்து! லைனை எடுன்னா என்னையே எடுத்துடுவியா? என் ஆத்து லைனை முதல்ல திரும்பப் போடு, ஜல்தி!" பின்னால் வத்சலா ஆன்ட்டி, "என்னாச்சுன்னா?" என்று கேட்பதும் கேட்டது.

சுபாஷிணி போனின் பக்கம் குனிந்தாள். இந்தத் தடவை அவள் தமிழில் பதில் சொல்லவில்லை, ஹிந்தியில் சொன்னாள். "சார், ஹிந்தியில் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல இருக்கீங்க. உங்க வீட்டு வரியைத் திரும்பப் போடச் சொல்றீங்கன்னு நான் சொன்னா மேடம் நம்புவாங்களோ என்னவோ. நீங்களே சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்.

சேத்தி மேடம் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "ராமமூர்த்தி ஜியிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேளுங்க. இப்பவே மெயில் அனுப்பிடுங்க" என்றார் நீலத்திடம்.

"மெயில் இப்ப அவருக்கு அவ்வளவு சுலபமாத் திறக்காது மேடம்" என்றாள் சுபாஷிணி. "அவர் வெளியாள் ஆயிட்டாரு. மொபைல்ல நம்பர் வரும், தட்டணும். அதுதான் அவருக்குப் பிடிக்காது. பேப்பராவே அனுப்பிடலாம். பேப்பர் என்கிட்ட இருக்கு."

கைப்பையைத் திறந்து, நேற்று மடித்துத் திணித்த கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்து நீவிவிட்டாள். ‘ஒப்பந்த நெட்வொர்க் இன்ஜினியரான’ என்ற வார்த்தைகளின் மேல் மட்டும் பேனாவால் ஒரு கோடு அடித்தாள், ‘மேலதிகாரிகள் எவருக்கும்’ என்ற வாக்கியத்தின் மேல் இன்னொரு கோடு அடித்தாள். பிறகு காகிதத்தை மேடத்தின் பக்கம் தள்ளினாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்னு அவரே பென்சில்ல குறி போட்டு வச்சிருக்காரு மேடம்."